மூன்றாம் நம்பர் மூடி

"அந்தச் சத்தத்தை எப்படி நிறுத்துனீங்க? இப்பவாவது சொல்லுங்கப்பா."

கேட்டே விட்டேன். கேட்டது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. புதன்கிழமை, மத்தியானம் மூன்று மணி. எங்கள் பட்டறைக்கு ஜன்னல் கிடையாது. கூரையில் நாலு இடத்தில் பச்சை ஃபைபர் தகடு போட்டிருக்கிறோம், அதன் வழியாகத்தான் வெளிச்சம் இறங்கும். மழை பெய்து அந்தத் தகடுகளின் மேல் தண்ணீர் ஓடும்போது கீழே தரை, சுவர், தொங்கும் செயின், நிற்கிற ஆள் எல்லாமே லேசாக அசையும். குளத்துக்கு அடியில் வேலை செய்வதுபோல இருக்கும். அந்தப் பச்சைத் தண்ணீருக்குள் நின்றுகொண்டு அப்பா ஸ்பானரைத் துடைத்தார். துடைத்த ஸ்பானரையே மறுபடி துடைத்தார்.

"என்ன கேட்டே?"

"இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி இந்த எஞ்சினைப் பிரிச்சது நீங்க. உள்ள என்ன பண்ணினீங்கன்னு தெரிஞ்சா எனக்குத் தேடுற வேலை மிச்சம்."

"கிராங்க் சுத்தலைன்னா நீ பூட்டின லட்சணத்தைப் பாரு. என் கதை எதுக்கு உனக்கு?"

ஸ்பானரைப் பலகையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். வைத்தார் என்று எழுதுகிறேன், எறிந்தார் என்பதுதான் சரி.

அப்பாவிடம் இதை மட்டும் கேட்கவே கூடாது என்று எனக்கு ஏழு வயதில் அம்மா சொல்லியிருந்தாள். "அது அவரோட சூட்சுமம்டி. வாயைத் திறந்து சொன்னா கைராசி போயிடும்." நானும் நம்பினேன். கைராசி என்பது கையில் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு பொருள், பேசினால் உதிர்ந்துவிடும் என்று நினைத்து, அவர் தூங்கும்போது உள்ளங்கையை விரித்துப் பார்த்திருக்கிறேன். காய்ப்பும் எண்ணெய்க் கறுப்பும்தான் இருந்தன.

விஷயம் இதுதான். நீள மூக்கும் உருண்ட முதுகுமாக பாலாடை நிறத்தில் ஒரு பழைய கார். ஒரு குழந்தை டாக்டருடையது. மகளைக் கல்லூரியில் சேர்க்க முந்நூறு கிலோமீட்டர் போக வேண்டிய வாரத்தில் அதன் எஞ்சினுக்குள் டொக்கு டொக்கென்று சத்தம் கிளம்பியது. இந்தக் காருக்கு பேரிங் வர ஆறு மாதம் ஆகும் என்று எல்லாப் பட்டறைகளும் கைவிரித்துவிட்டன. அப்பா அப்போதுதான் தனியாகக் கடை போட்டிருந்தார். காரை உள்ளே விட்டு ஷட்டரை இறக்கினார். இரண்டு நாள் யாரையும் உள்ளே விடவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஷட்டர் ஏறியபோது கார் ஓடிக்கொண்டு நின்றதாம். சத்தமே இல்லை. டாக்டர் உள்ளே ஏறி உட்கார்ந்து, எஞ்சின் ஓடுவது தெரியாமல் இன்னொரு தரம் சாவியைத் திருகி, ஸ்டார்ட்டர் பல் கிறீச்சிட்ட பிறகுதான் ஓடுகிறது என்றே தெரிந்ததாம்.

இந்தக் கதையைச் சொல்லாத விசேஷ வீடு எங்கள் சொந்தத்தில் இல்லை. அன்றிலிருந்து அப்பாவுக்கு சைலன்ட் மேஸ்திரி என்று பெயர். எங்கெங்கிருந்தோ ஆட்கள் பழைய வண்டிகளை இழுத்துக்கொண்டு வந்தார்கள். எட்டாவது படித்த ஒரு மனிதரின் வாழ்க்கை அந்த இரண்டு நாளில்தான் எழுந்து நின்றது. நான் இஞ்ஜினியரிங் படித்ததும் அந்த இரண்டு நாளில்தான் என்று அம்மா சொல்வாள்.

எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. மெக்கானிக்கல். அதைக் கேட்டதும் சித்தி, "பொம்பளைப் புள்ளைக்கு இரும்பு எதுக்கு? ஏசி ரூம்ல உக்காந்து தட்டற படிப்பா எடுக்கக் கூடாது?" என்றாள். படித்து முடித்து அப்பாவிடமே வந்து நின்றேன். அவர் எனக்குக் கொடுத்தது கண்ணாடி ரூம். பட்டறை மூலையில் நாலடிக்கு ஆறடி, ஒரு கம்ப்யூட்டர், சுழல் நாற்காலி. பில் அடித்தேன். போன் எடுத்தேன். மண்ணெண்ணெய் வாசம் வராமல் இருக்க அப்பா கதவு இடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டிக் கொடுத்தார். அன்பாகத்தான் ஒட்டினார். அந்த அன்பை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றும். கண்ணாடிக்கு வெளியே அவர்கள் வாய் அசையும், சுத்தியல் விழும், எனக்கு ஒன்றும் கேட்காது. இரண்டு வருஷம் மீன்தொட்டிக்குள் இருந்தேன். பில் முடிந்த நேரத்தில் வெளியே வந்து பார்ட்ஸ் கழுவினேன், வால்வு தேய்த்தேன், அளவு எடுத்தேன். யாரும் கேட்காத அளவுகளையும் எடுத்து நோட்டில் எழுதினேன்.

போன மாதம் அந்த பாலாடைக் கார் திரும்பி வந்தது. டாக்டர் காலமாகிவிட்டார். அன்றைக்குக் கல்லூரிக்குப் போன மகள் இப்போது பல் டாக்டர், நாற்பது வயது. வருஷக்கணக்கில் ஷெட்டில் தூங்கிய காரை மறுபடி ஓட வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அப்பா, "இப்ப நேரமில்லைம்மா, வேற இடம் பாருங்களேன்" என்றார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்தம்மா விடவில்லை. "இதை உங்களைத் தவிர யார் தொட்டாலும் எங்கப்பா கனவுல வந்து திட்டுவார்" என்று சிரித்தார். அப்பா காரைச் சுற்றி ஒரு தரம் நடந்து வந்தார். பிறகு என்னைக் காட்டி, "என் பொண்ணு பூட்டுவா" என்றார்.

அன்றைக்கு நான் பாத்ரூமுக்குள் போய் அம்மாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். முழு எஞ்சின், என் கையில்!

இப்போது அது சுற்றவில்லை.

கிராங்க் என்பது பிஸ்டன்கள் மேலும் கீழும் குதிப்பதைச் சுழற்சியாக மாற்றுகிற கோணல்மாணலான ஒரு தண்டு. இந்த எஞ்சினில் அது ஐந்து இடத்தில் படுத்திருக்கும். ஐந்து இடத்திலும் மேலே ஒரு பாதி, கீழே ஒரு பாதியாக ஷெல் என்கிற மெல்லிய பேரிங் வளையம். அதை அமுக்கிப் பிடிக்க அரைவட்ட இரும்பு மூடி. மூடிக்கு இரண்டு போல்ட். எல்லாம் சரியாக இருந்தால், பிஸ்டன் மாட்டுவதற்கு முன்னால், கிராங்க் ஒரு விரலுக்குச் சுற்ற வேண்டும். தள்ளிவிட்டால் தானாகப் போய், யோசித்து, நிற்க வேண்டும். என் கிராங்க் இரண்டடிக் கம்பியைக் கொடுத்து இழுத்தால்தான் கால் சுற்று நகர்ந்தது. நகர்ந்த இடத்தில் கல்லாக நின்றது.

"ஓட ஓட இளகிடும்" என்று அப்பா திங்கட்கிழமையே சொன்னார். "வண்டியில ஏத்திட்டு, லாரியில கட்டி ரெண்டு கிலோமீட்டர் இழுத்தா சரியாயிடும்."

"இளகாது. ஷெல் உருகி கிராங்கோட ஒட்டிக்கும். ஹைவேல அந்தம்மா எண்பதுல போறப்ப ஒட்டினா?"

"எனக்குப் பாடம் எடுக்கறியா?"

"இல்ல, கேக்கறேன்."

"அப்ப நீயே கண்டுபிடி. சனிக்கிழமை அவங்க வராங்க. வெள்ளி சாயங்காலத்துக்குள்ள சுத்தலைன்னா நான் பூட்டிக்கறேன். நீ கண்ணாடி ரூமுக்குப் போ. அதுக்கப்புறம் எஞ்சின் பக்கமே வரக் கூடாது. சம்மதமா?"

கோபத்தில் சம்மதம் என்றேன். என் கோபம் எப்போதும் என்னைவிட ஒரு நொடி முன்னால் பேசிவிடும்.

புதன்கிழமை மாலை வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் கண் அசந்தது. பாலாடைக் கார் பச்சைத் தண்ணீருக்கு அடியில் நின்றிருந்தது. நான்தான் ஓட்டுநர் இருக்கையில். சாவியைத் திருகுகிறேன், ஓடவில்லை என்று மறுபடி திருகுகிறேன். பின்சீட்டிலிருந்து யாரோ, "ஓடிக்கிட்டுதாம்மா இருக்கு, ரொம்ப நாளா ஓடிக்கிட்டுதான் இருக்கு" என்றார்கள். திரும்பிப் பார்த்தால் சீட்டு நிறைய எண்ணெய்த் துணி. விழித்தபோது இறங்க வேண்டிய இடம் தாண்டி இரண்டு நிறுத்தம் போயிருந்தது. மழையில் நடந்தே திரும்பினேன்.

வியாழக்கிழமை அப்பா பட்டறைக்கு வரவில்லை, பார்ட்ஸ் கடைக்குப் போவதாகச் சொன்னார். பட்டறையில் நானும் லேத் ஓட்டும் கடைசல்காரரும் மட்டும். அவருக்கு மைக்ரான் என்று பெயர், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. டீக்கடையில் சர்க்கரை போடச் சொல்லும்போதுகூட, "ரெண்டு மைக்ரான் கூடப் போடுப்பா" என்பவர். இந்த கிராங்கைக் கடைந்து கொடுத்ததும் அவர்தான்.

"மாமா, கிராங்க் வளைஞ்சிருக்குமோ?"

"இன்ஜினியரம்மா, நான் கடைஞ்ச கிராங்க்ல ஒரு குத்தம் இருந்தா, என் பேரை மில்லிமீட்டர்னு மாத்திக்கறேன்."

"மாத்திக்க வேண்டியிருந்தா நானே பெயின்ட்ல எழுதித் தரேன்."

"வாயைப் பாரு. அப்பனுக்கு வாய் கிடையாது, மகளுக்கு வாய் மட்டும்தான்."

முள் சுற்றும் அளவுமானியை நடுவில் வைத்து, கம்பி கொடுத்துக் கிராங்கைச் சுற்றிப் பார்த்தேன். முள் மூச்சு விடுவதுபோல் லேசாக ஏறி இறங்கியது. வளைவு இல்லை. அவர் பெயர் தப்பித்தது.

பிறகு ஐந்து மூடியையும் தளர்த்திவிட்டு, கிராங்கை உள்ளங்கையால் தள்ளினேன். போனது. எண்ணெயின் மேல் மிதந்துகொண்டு, சத்தமே இல்லாமல், ஒரு முழுச் சுற்று போய், பாதி திரும்பி வந்து நின்றது. அதையே பத்துப் பன்னிரண்டு தடவை செய்திருப்பேன். வேலைக்காகவா, ஆசைக்காகவா, தெரியவில்லை. தகடுகளின் மேல் மழை, கீழே இருபத்தைந்து கிலோ இரும்பு தொட்டில் மாதிரி ஆடுகிறது. நேரம் எங்கே போனது என்றே புரியவில்லை. மைக்ரான் மாமா வந்து, "தூளி ஆட்டறியா?" என்று கேட்டதும்தான் நினைவு வந்தது.

ஒன்றாம் மூடியை முறுக்கினேன். சுற்றிப் பார்த்தேன். விரலுக்கு வந்தது. இரண்டாம் மூடி. வந்தது. ஐந்து. வந்தது. நாலு. வந்தது. கண்ணை மூடிக்கொண்டு சுற்றினேன். கண் பார்ப்பதைவிடக் கை நன்றாகப் பார்க்கும் வேலை இது. மூன்றாம் மூடியில் முதல் போல்ட் முறுக்கியபோதே கிராங்க் தயங்கியது. இரண்டாவது போல்ட்டில் செத்தது. யாரோ உள்ளேயிருந்து கையைப் பிடித்துக்கொண்ட மாதிரி.

நடு மூடி. மூன்றாம் நம்பர்.

அன்றைய மிச்சப் பொழுது அந்த ஒரு மூடியோடு போனது. ஷெல்லுக்குப் பின்னால் தூசியா என்று பார்த்தேன், கண்ணாடிபோலச் சுத்தம். மூடியைத் திருப்பிப் போட்டுவிட்டேனா, இல்லை. நம்பர் மாற்றிப் போட்டேனா, இல்லை. தப்பான அளவு ஷெல்லா, ஐந்தையும் அளந்தேன், ஐந்தும் ஒன்றுபோல் இருந்தன. நானே செய்த தப்பு ஏதாவது கிடைத்தால் போதும் என்றுகூட ஒரு கட்டத்தில் ஏங்கினேன். என் தப்பு என்றால் திருத்திவிடலாம். தப்பே இல்லாமல் சுற்றாத ஒரு பொருளை என்ன செய்வது?

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். ஷெல், கிராங்க் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஸ்டாண்டில் தலைகீழாகக் கவிழ்த்திருந்த வெறும் பிளாக்கில், அதாவது எஞ்சினின் உடம்பில், வெறும் மூடிகளை மட்டும் முறுக்கி, ஓட்டைகளை அளந்தேன். வட்டம் வட்டமாக இருக்க வேண்டும். நாலு ஓட்டைகள் அப்படித்தான் இருந்தன. மூன்றாவது, பக்கவாட்டில் சரி. மேலிருந்து கீழே குறைவு. ஒரு மில்லிமீட்டரை நூறாக்கினால் ஆறு பங்கு. ஒரு தலைமுடி கனம். எண்ணெய்ப் படலம் நிற்க வேண்டிய இடத்தை அந்த ஒரு முடி அடைத்துக்கொண்டிருந்தது.

ஓட்டை சப்பையாக வேண்டுமென்றால், மூடி கீழே இறங்கியிருக்க வேண்டும். மூடி இறங்க வேண்டுமென்றால், அது பிளாக்கில் உட்காரும் முகத்திலிருந்து இரும்பு காணாமல் போயிருக்க வேண்டும்.

மூடியைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தேன். மற்ற நாலு மூடிகளின் முகத்தில் மெஷின் போட்ட கோடு, நேர்நேராக, சீவிய தலைமுடிபோல. மூன்றாவதில் அது இல்லை. குறுக்கே சாய்ந்து ஓடும் மெல்லிய கீறல்கள். அரம் ராவிய தடம். பொறுமையாக, ஒரே அழுத்தத்தில், பெரிய கை ராவிய தடம். கீறல்கள் எல்லாம் இடது பக்கமிருந்து ஏறின.

எங்கள் பட்டறையில் இடது கைக்காரர் ஒருவர்தான்.

ஸ்டூலில் உட்கார்ந்தேன். மழை விட்டிருந்தது. பச்சை வெளிச்சம் அசையாமல் நின்றது. தேய்ந்துபோன பேரிங் ஆடியதால்தான் அன்றைக்குச் சத்தம் வந்திருக்கிறது. புது பேரிங் இல்லை. அப்பா மூடியை ராவிக் கீழே இறக்கி, தேய்ந்த பேரிங்கையே இறுக்கிப் பிடிக்க வைத்திருக்கிறார். ஆட்டம் போனது, சத்தம் போனது. இப்போது கடைந்த கிராங்க், புது ஷெல் என்று எல்லாவற்றையும் சரியாகப் போட்டதும், அந்த ஒரு முடி இடைஞ்சல் தொண்டையைப் பிடிக்கிறது. சூட்சுமம் இவ்வளவுதான். திங்கட்கிழமை முதல் தரம் கிராங்க் நின்றபோதே அவருக்குத் தெரிந்திருக்கும். நான் ஒவ்வொரு ஷெல்லாகக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்ததை, பல்லைக் கடித்துக்கொண்டு என் தப்பைத் தேடியதை, அவர் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

மைக்ரான் மாமா வந்தார். மூடியை வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்தார். இரண்டு தடவை சாய்த்தார். அவர் கேலி செய்யாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. மூடியை என் கையில் வைத்துவிட்டுப் போய், எதையும் மாட்டாமல் லேத்தைச் சும்மா ஓடவிட்டார்.

பதினொரு மணிக்கு நான் பல் டாக்டருக்குப் போன் போட்டேன். உங்க எஞ்சின்ல ஒரு பழைய கோளாறு இருக்கு, போன தடவை வேலை செஞ்சப்ப வந்தது, நேர்ல காட்டி எல்லாத்தையும் சொல்லணும் என்றேன். "பயமுறுத்தாதேம்மா" என்றவர், "நாலு மணிக்கு கிளினிக் வா, அந்த நேரம் ஆள் இருக்காது" என்றார். சரி என்றேன். வேலை விவரம் எழுதும் எஞ்சின் கார்டில் மூன்றாம் மூடிக்கு நேராக, 'முகம் அரத்தால் ராவப்பட்டுள்ளது, 0.06 குறைவு' என்று பேனாவால் எழுதி, கையெழுத்துப் போட்டேன். அப்பாவிடம் முதலில் பேசியிருந்தால் நான் போன் செய்திருக்க மாட்டேன். எனக்கு என்னைத் தெரியும்.

அப்பா சாப்பிட்டுவிட்டு இரண்டரைக்கு வந்தார். எஞ்சின் ஸ்டாண்டில் வெறும் பிளாக் கிடப்பதைப் பார்த்தார். பலகையில் துணி விரித்து அதன்மேல் ஒரே ஒரு மூடியைக் கவிழ்த்து வைத்திருந்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"மூணாம் நம்பரா?" என்றார்.

"திருப்பிக்கூடப் பார்க்கலை. எப்படிப்பா தெரியும்?"

லேத் நின்றது. மைக்ரான் மாமா, "டீ குடிச்சிட்டு வரேண்ணே" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

அப்பா என் ஸ்டூலில் உட்கார்ந்தார். மறுபடி மழை பிடித்துக்கொண்டது. தண்ணீரின் நிழல் அவர் சட்டையில் ஊர்ந்தது. தூக்கத்தில் பேசுகிறவர் மாதிரி பேச ஆரம்பித்தார்.

"அப்ப கூரையில இந்தத் தகடெல்லாம் கிடையாது. ஷட்டர் இறக்கினா உள்ள ஒரே இருட்டு. ஒரு குண்டு பல்புதான். நாப்பது இழுப்பு. மூடியைப் போட்டு முறுக்கி, கையால சுத்திப் பார்ப்பேன். ஆட்டம் இருக்கும். மறுபடி இருபது இழுப்பு. அப்புறம் பத்து. அப்புறம் அஞ்சு. எனக்கு அளக்கறதுக்கு ஒண்ணும் கிடையாது, அப்ப வாங்கற வசதி இல்ல. காதுதான். அரம் போற சத்தத்தை வச்சே எவ்வளவு எடுத்திருக்கேன்னு தெரியும். ரெண்டாம் நாள் சாயங்காலம் கிராங்க் பட்டு மாதிரி வந்துச்சு பாப்பா. நான் அழுதுட்டேன். அந்த மாதிரி ஒரு வேலை அதுக்கப்புறம் நான் செஞ்சதே இல்ல."

எனக்கு அந்த இருட்டு தெரிந்தது. அரம் போய்ப் போய் வரும் சத்தம், பல்பு வெளிச்சத்தில் மினுங்கும் இரும்புத் துகள், அதில் குனிந்திருக்கும், என்னைவிட நாலைந்து வயதே மூத்த ஒரு ஆள். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் மேல்தான் வந்தது.

"அரம் போட்டது தப்புன்னு நான் சொல்லலப்பா. வேற வழி இல்ல, போட்டீங்க. நானா இருந்தாலும் போட்டிருப்பேன். ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் இருந்தேன். காலேஜ்ல விட்டுட்டு வாங்க, ஷெல் வரவழைச்சு மூடியையும் சரி பண்ணிடலாம்னு. அவர் வந்து ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டார். அதுக்குள்ள நாலு பேர்கிட்ட சொல்லிட்டார். நாலு பேர் நாப்பது பேராயிட்டாங்க. அப்புறம் எப்படிப் போய், ஐயா நான் உங்க எஞ்சினை ராவிட்டேன்னு சொல்றது?"

"புதன்கிழமை நான் கேட்டேனே. அப்பவாவது?"

அவர் குனிந்து தரையில் கிடந்த ஒரு வாஷரை எடுத்துப் பலகையில் வைத்தார்.

"எதுக்குப்பா இந்த எஞ்சினை என்கிட்ட கொடுத்தீங்க?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் அவர் முகத்தில் தெரிந்தது. சொல்லவில்லை, அது மட்டும் நிஜம்.

"யாராவது பார்க்கத்தான் போறாங்க. வெளியாள் பார்க்க வேண்டாம்னு நினைச்சேன். நீ பார்த்தா வீட்டோட போயிடும்."

பாத்ரூமுக்குள் நின்று கத்தியதை நினைத்தேன். அம்மா மறுமுனையில் அழுததை. அம்மா சித்திக்குப் போன் போட்டு, சித்தி என் தாய்மாமாவுக்குப் போட்டதை. எஞ்சினை என்னிடம் கொடுத்தது என் கை சரியாக இருக்கிறது என்பதற்காக இல்லை. என் வாய் மூடியிருக்கும் என்பதற்காக.

"சுத்தலைன்னா கண்ணாடி ரூம்னு சொன்னீங்களே, அது?"

"அது நீ தேடறதை விட்டுட்டுப் போயிடுவேன்னு..." அவர் ஸ்டூலைப் பின்னால் தள்ளினார். எழுந்து வந்து என் அருகில் நின்றார். குரல் மாறியது, வியாபாரம் பேசுகிற குரல். "இங்க பாரு. பிளாக்கை லைன் போரிங் பண்ற பெரிய பட்டறைக்கு அனுப்பிடலாம். மூடி முகத்தைச் சமமாச் சீவி, அஞ்சு ஓட்டையையும் ஒரே நேரா கடைஞ்சு கொடுத்துடுவாங்க. எஞ்சின் புதுசாயிடும். சரிதானே?"

"சரிதான். அதைத்தான் செய்யணும்."

"எப்படி இப்படி ஆச்சுன்னு அவங்க கேட்டா, நடுவுல டாக்டர் வேற எங்கயோ கொடுத்திருக்கார், எவனோ கெடுத்து வச்சிருக்கான்னு சொல்லிக்கலாம். அவர் போய்ச் சேர்ந்துட்டார். வந்து இல்லன்னு சொல்லப் போறாரா?"

நான் மூடிக்கு அடியிலிருந்த துணியை நேராக்கினேன்.

"அப்புறம் இன்னொண்ணு. இனிமே இங்க வர்ற ஒவ்வொரு எஞ்சினும் நீதான் பூட்டறே. நான் கையே வைக்க மாட்டேன். அந்த ரூமுக்கு பில் போட ஒரு ஆளைப் போட்டுக்கலாம். நீ ஆசைப்பட்டதுதானே?"

ஆசைப்பட்டதுதான். இரண்டு வருஷமாகக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஆசைப்பட்டது. அவர் வாயால் அதைக் கேட்டபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உடம்பு முழுக்கச் சூடாகி ஒரு நொடி கண் கட்டிவிட்டது. பட்டறை நிறைய எஞ்சின்கள், எல்லாம் என் கையால் பூட்டியவை, எல்லாம் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். பச்சை வெளிச்சத்தில் அவை வரிசையாக மிதந்தன. கையை நீட்டினால் தொடலாம்.

"அந்தம்மாவுக்கு நான் காலையிலயே போன் பண்ணிட்டேன்" என்றேன்.

அப்பா பலகையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னன்னு?"

"நேர்ல வந்து சொல்றேன்னு. நாலு மணிக்கு."

"என்ன சொல்லப் போறே?"

"நடந்ததை. ஷெல் இல்லாத அன்னிக்கு நீங்க என்ன பண்ணினீங்க, அதால அவங்க எப்படிக் காலேஜ் போய்ச் சேர்ந்தாங்க, அதையும் சேர்த்துத்தான். இந்த மூடியையும் காட்டுவேன். கார்டுலயும் எழுதியாச்சு."

"பெத்த அப்பன்டி நான்."

"தெரியும்."

"ஊர்ல நான் முகத்தை எங்க கொண்டு போய் வச்சுக்கறது? சைலன்ட் மேஸ்திரி அரத்தை வச்சு ஊரை ஏமாத்தினான்னு சொல்ல மாட்டாங்க? நாளைக்கு இந்தக் கடைக்கு எவன் வருவான்?"

"சுத்தற எஞ்சின் வேணுங்கறவன் வருவான்."

"படிக்க வச்சதுக்கு இதான் எனக்கா?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அளக்கப் படிக்க வைத்தீர்கள், அளந்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அழுதுவிடுவேன் என்று தெரிந்ததால் சொல்லவில்லை. சோப்புத் தூள் போட்டுக் கையைக் கழுவினேன். நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை, விட்டுவிட்டேன். மூடியைத் துணியில் சுற்றி, துணியை பிளாஸ்டிக் கவரில் போட்டு, கவரைத் தோள்பையில் வைத்தேன். கார்டையும் மடிக்காமல் நோட்டுக்குள் வைத்தேன். அப்பா ஸ்டாண்டுக்கும் வாசலுக்கும் நடுவில் நின்றிருந்தார். வழி மறிக்கிறாரா, சும்மா நிற்கிறாரா என்று தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. நான் பக்கவாட்டில் ஒதுங்கி அவரைத் தாண்டினேன்.

டீக் கிளாசோடு ஷட்டர் ஓரம் நனைந்துகொண்டு நின்ற மைக்ரான் மாமா, ஒன்றும் கேட்காமல் ஒதுங்கி வழிவிட்டார்.

"மழையில போறே" என்று உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. "அந்த முகத்துல கொஞ்சம் எண்ணெய் தடவிக்க. துரு ஏறிடும்."

ஏற்கெனவே தடவித்தான் சுற்றியிருந்தேன். சொல்லவில்லை. மூன்று மணி பஸ் திருப்பத்தில் தெரிந்தது. ஓடவில்லை. ஓடாமலே பிடித்துவிடலாம் என்று தோன்றியது. பையை மார்போடு அணைத்துக்கொண்டு, ரோட்டில் இறங்கி நடந்தேன்.